வட்டி குறையும்போது வரிவிலக்கு யாருக்கு?

பாரத ரிசர்வ் வங்கி 2025 டிசம்பர் 5-ஆம் தேதி ரெப்போ விகிதத்தை 5.25 சதவீதமாகக் குறைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த அந்த விகிதம், பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு தவணைகளில் 1.25 சதவீதப் புள்ளிகள் இறங்கியிருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இது நற்செய்தி. மாதத் தவணை எவ்வளவு குறையும் என்று நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் உடனுக்குடன் கணக்கிட்டுச் சொல்லிவிட்டன. வங்கியில் பணம் போட்டு வைத்திருப்பவரின் வருவாய் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுச் சொன்னவர்கள் குறைவு.

இந்த இழப்புக்கு ஈடாக எப்போதும் முன்வைக்கப்படுவது வரிவிலக்கு. மத்திய நிதிநிலை அறிக்கைக்குச் சில வாரங்கள் முன், சேமிப்புக் கணக்கு வட்டிக்கான விலக்கு வரம்பை உயர்த்த வேண்டும், வைப்புத்தொகை வட்டிக்கு வரியே கூடாது என்னும் கோரிக்கைகள் எழுவது ஆண்டுதோறும் நடப்பது. கேட்பதற்கு இனிமையான கோரிக்கைதான். ஆனால், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சேமிப்பாளர்களை மனத்தில் நிறுத்தி இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கிடைக்கும் விடை சுழியம்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். வருமான வரிச் சட்டத்தின் 80டிடிஏ பிரிவு 2012-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வந்தது. வங்கி, அஞ்சலகச் சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் கிடைக்கும் வட்டியில் ரூ.10,000 வரை கழித்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. மூத்த குடிமக்களுக்கு 2018-19 நிதியாண்டு முதல் 80டிடிபி பிரிவின்கீழ் ரூ.50,000 வரை கழிவு உண்டு. அவர்களுக்குக் குறித்தகால வைப்புத்தொகையின் வட்டியும் இதில் அடங்கும். இவ்விரண்டும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்காக 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி வருமான வரிக் கணக்குகளில் 5.27 கோடி புதிய முறையில் தாக்கலானவை. அதாவது, நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் இந்த விலக்குகள் இல்லாத முறைக்கு அப்போதே சென்றுவிட்டனர். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரியே இல்லை என்றாகிவிட்டதால், எஞ்சியவர்களிலும் பலர் அங்கே செல்வர்.

ஆக, இன்று வட்டிக்கான வரிவிலக்கால் பயன் பெறக்கூடியவர் யார்? பழைய முறையில் நீடிப்பவர், ஐந்து லட்சத்துக்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ளவர், அதனுடன் வங்கியில் கணிசமான இருப்பும் வைத்திருப்பவர். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர்களைச் சென்னையில் எளிதாகக் காணலாம். செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் தேடத்தான் வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டமாக இருந்தது பெரம்பலூர். அப்போது 5.65 லட்சம் பேர். மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காயம் ஆகியவை அதன் பொருளாதாரம். இன்றுவரை மாவட்டத் தலைநகருக்கு ரயில் நிலையம் கிடையாது. 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் உள்ளன. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காடுகள். இவ்வட்டாரக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இங்கே சேமிப்பு எவர் கையில், எந்த வடிவில் இருக்கிறது என்பதை ஓரளவு அறிவேன்.

உழவரை எடுத்துக்கொள்வோம். தை, மாசியில் மக்காச்சோளமும் பருத்தியும் விற்ற பணம் மொத்தமாக வரும். அடுத்த விதைப்பு, உரம், வீட்டு விசேஷம், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று அது சிறுகச் சிறுகக் கரையும் வரை சேமிப்புக் கணக்கில் கிடக்கும். அவருடைய வேளாண் வருமானத்துக்கு வருமான வரிச் சட்டமே முழு விலக்கு அளித்திருக்கிறது. அவருக்கு வட்டி வரிவிலக்கு என்பது ஏற்கெனவே வரி இல்லாத இடத்தில் இன்னொரு முறை வரி இல்லை என்று அறிவிப்பதுதான். அவரைத் தொடும் செய்தி வேறு. சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2011 அக்டோபரில் அறிவித்தபோது அது 4 சதவீதமாக இருந்தது. நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கி 2017-இல் அதை 3.5 ஆக்கியது, 2020-இல் 2.7 வரை கொண்டு வந்தது. 2025 ஜூனில் 2.5 ஆக்கிவிட்டது. மற்ற பெரிய வங்கிகளும் இதே மட்டத்தில்தான் உள்ளன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. கடன் வட்டி உயர்ந்தது; குறித்தகால வைப்புத்தொகை வட்டியும் உயர்ந்தது. சாதாரணச் சேமிப்புக் கணக்கின் 2.7 சதவீதம் மட்டும் அசையவில்லை. இப்போது ரெப்போ இறங்கத் தொடங்கியதும், அசையாத அந்த 2.7-தான் 2.5 ஆனது. ஏறும்போது உடன் ஏறாத வட்டி, இறங்கும்போது மட்டும் உடன் இறங்குகிறது. சந்தை நிர்ணயிக்கும் விலை என்று இதற்குப் பெயர் சூட்ட என் பொருளியல் இடம் கொடுக்கவில்லை.

இனி, வரி கட்டுபவருக்கே இந்த விலக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். வட்டி 4 சதவீதமாக இருந்தபோது 80டிடிஏ தரும் ரூ.10,000 கழிவு, கணக்கில் இருந்த இரண்டரை லட்சம் ரூபாயின் வட்டியைக் காத்தது. வட்டி 2.5 ஆன பிறகு அதே கழிவு நான்கு லட்சம் ரூபாயின் வட்டியைக் காக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், விலக்கு பெருகிவிட்டதுபோலத் தோன்றும். ஒரு லட்சம் ரூபாய்க்கு என்று கணக்கிட்டால் உண்மை விளங்கும். முன்பு வட்டி ரூ.4,000, 20 சதவீத வரி வரம்பில் உள்ளவருக்குக் கல்வி, சுகாதார மேல்வரியுடன் மிச்சமான வரி ரூ.832. இப்போது வட்டி ரூ.2,500, மிச்சமாகும் வரி ரூ.520. வட்டியில் இழந்தது ரூ.1,500. அதை ஈடுசெய்ய வேண்டிய விலக்கின் மதிப்போ அதனுடன் சேர்ந்து குறைந்துவிட்டது. வரிவிலக்கு என்பது வட்டியின் ஒரு பங்கு. முழுமை சுருங்கும்போது பங்கும் சுருங்கத்தானே செய்யும்!

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2016 ஏப்ரலில் அந்நாட்டு அரசு, அடிப்படை விகிதத்தில் வரி கட்டுவோரின் சேமிப்பு வட்டியில் ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வரை வரி இல்லை என்னும் சலுகையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நான்கே மாதங்களில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் வட்டி விகிதத்தை 0.25 சதவீதமாக்கியது. ஒரு சதவீத வட்டி கிடைக்கும் கணக்கில் அந்த 1,000 பவுண்ட் சலுகையை முழுதாகப் பயன்படுத்த ஒரு லட்சம் பவுண்ட் வைத்திருக்க வேண்டும். சாதாரணச் சேமிப்பாளருக்கு வரி போயிற்று. வட்டியும் கூடவே போயிற்று. பின்னர் 2023 ஆகஸ்டில் விகிதம் 5.25 சதவீதத்துக்கு உயர்ந்தபோது, சலுகை வரம்பு அதே 1,000 பவுண்டில் நின்றது. ஐந்து சதவீத வட்டியில் இருபதாயிரம் பவுண்ட் வைத்திருந்தாலே வரம்பு நிரம்பிவிடும். தேவையற்ற காலத்தில் தாராளம், தேவைப்படும் காலத்தில் இறுக்கம் என்பது இவ்வகை விலக்குகளின் இயல்பு. லண்டன் ஆனாலும் லப்பைக்குடிக்காடு ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

லப்பைக்குடிக்காட்டை எதுகைக்காகச் சொல்லவில்லை. வளைகுடா நாடுகளில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புவோர் நிறைந்த ஊர் அது. வெளிநாடுவாழ் இந்தியரின் என்.ஆர்.இ. கணக்கில் உள்ள வைப்புத்தொகைக்கு வட்டி முழுவதும் வரியற்றது. ரூ.12 லட்சம் வரையிலான வரித் தள்ளுபடி இந்நாட்டில் வசிப்போருக்கு மட்டுமே என்பதால், அவர்களுக்கு இந்த விலக்கு ஓரளவு பயனுள்ளதுதான். எனினும், என்.ஆர்.இ. வைப்புத்தொகைக்கு உள்நாட்டு வைப்புத்தொகையைவிட அதிக வட்டி தரக்கூடாது என்பது விதி. அங்கும் வட்டி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு உண்மையில் கிடைக்கும் பெரிய வசதி வேறு: எந்தப் படிவமும் கொடுக்காமலே வரிப் பிடித்தம் இன்றி வட்டி முழுதாகக் கைக்கு வருகிறது. இதைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

என்னிடம் படித்த ஒருவர் பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறார். வருமானம் வரி வரம்பை நெருங்கக்கூட இல்லை. ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்ததும் அதைப் பொது வருங்கால வைப்பு நிதியில் போடப்போவதாகச் சொன்னார். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "அதுக்குத்தான் வரியே கிடையாதாமே சார்" என்றார். இங்கேதான் வரிவிலக்கு பயனற்றது என்ற நிலையையும் தாண்டிச் சிறு சேமிப்பாளருக்கு இழப்பாகவே மாறுகிறது.

பொது வருங்கால வைப்பு நிதி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீத வட்டி தருகிறது. அதற்கு வரி இல்லை. அதே அஞ்சலகத்தில் கிடைக்கும் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 7.7 சதவீதம், அதன் வட்டி வரிக்குரியது. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 7.1 என்பது வரியுள்ள 10 சதவீதத்துக்கும் மேலான வட்டிக்குச் சமம். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கலாம். வரியே கட்டாத தையற்கடைக்காரருக்கோ 7.1 என்பது 7.1 மட்டுமே. ஒரு லட்சம் ரூபாய் ஐந்து ஆண்டுகளில் சேமிப்புப் பத்திரத்தில் ரூ.1,44,903 ஆகும். 7.1 மாறாதிருந்தால் வைப்பு நிதியில் ரூ.1,40,912. ஏறத்தாழ நான்காயிரம் ரூபாய் குறைவு. தம்மால் பயன்படுத்தவே முடியாத ஒரு சலுகைக்கு அவர் கொடுக்கும் விலை அது. வரியற்ற முதலீடு வரியுள்ளதைவிடக் குறைந்த வட்டி தருவதைப் பொருளியலில் உள்ளுறை வரி என்று சொல்லலாம். வருமான வரித் துறை அவரிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வரி கட்டுகிறார். போதாக்குறைக்கு, வைப்பு நிதியின் காலம் பதினைந்து ஆண்டுகள். அதன் வட்டி விகிதத்தை அரசு எந்தக் காலாண்டிலும் மாற்றலாம். பத்திரத்தின் விகிதம் வாங்கிய நாளில் உள்ளபடி ஐந்து ஆண்டுக்கும் உறுதியானது.

செல்வமகள் சேமிப்புத் திட்டம் இதற்கு விதிவிலக்கு. அதற்கும் வரி இல்லை. ஆயினும், அதை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன். காரணம், அதன் வட்டி 8.2 சதவீதம். எளிய குடும்பத்துக்கு அதில் பயன் தருவது வரிவிலக்கு அன்று, வட்டிதான்.

ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளியிடம் வருவோம். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர், வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாகப் பதினைந்து லட்சம் ரூபாயுடன் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் ரூ.1,000-தான். அதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தாலும், அவருடைய வாழ்வு அந்தப் பதினைந்து லட்சத்தின் வட்டியில்தான் ஓட வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் போட்டால், காலாண்டுக்கு ரூ.30,750, ஆண்டுக்கு ரூ.1,23,000. மூத்த குடிமக்களுக்கு 6.75 சதவீதம் தரும் வங்கியில் போட்டால் ஆண்டுக்கு ரூ.1,01,250. வேறுபாடு ரூ.21,750. அவர் குடும்பத்துக்கு இது இரண்டு மாதச் செலவு. இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவருக்கு வரி கிடையாது. எனவே, 80டிடிபி வரம்பை ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சமாக்கினாலும், ஏன், ஐந்து லட்சமாக்கினாலும் அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கூடாது. வட்டி விகிதம் ஒரு புள்ளி இறங்கினால் ரூ.15,000 குறையும்.

இவரைப் போன்றவர்களுக்கு வரி கிடையாதே தவிர, வரிப் பிடித்தம் உண்டு. மூத்த குடிமக்களின் வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு ஐம்பதாயிரமாக இருந்தது, உயர்த்தியது வரவேற்கத்தக்கது. பிடிக்காமல் இருக்க ஆண்டுதோறும் 15எச் படிவம் கொடுக்க வேண்டும். மறந்தால் நம் தொழிலாளியின் ரூ.1,23,000-இல் ரூ.12,300 போய்விடும். திரும்பப் பெற வேண்டுமானால், வரியே இல்லாத அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

அறுபது வயது ஆகாதவர்களின் நிலை இன்னும் கடினம். விபத்தில் கணவரை இழந்து, இழப்பீடாக வந்த எட்டு லட்சம் ரூபாயை வங்கியில் 6.5 சதவீதத்துக்குப் போட்டிருக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டு வட்டி ரூ.52,000. அவர் வயதினருக்கு வரம்பு ஐம்பதாயிரம். 15ஜி படிவம் கொடுக்காவிட்டால் ரூ.5,200 பிடிக்கப்படும். அது எட்டு லட்சத்தில் 0.65 சதவீதம். அதாவது, ரிசர்வ் வங்கியின் கால் சதவீதக் குறைப்புகள் இரண்டரை சேர்ந்தாற்போன்ற இழப்பு, ஒரு தாளைக் கொடுக்காததால். ஆண்டுதோறும் ஏப்ரலில் வங்கிக் கிளைகளில் இந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தர ஆள் தேடி நிற்கும் முதியவர்களை நான் பார்த்து வருகிறேன். வங்கி ஊழியர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு கிளையில் இருப்பது நான்கைந்து பேர். வட்டி விவரம் அனைத்தும் நிரந்தரக் கணக்கு எண் வழியாக வருமான வரித் துறையின் கணினியில் இருக்கும்போது, வரி வராது என்று துறைக்கே தெரிந்த ஒருவரிடம், வரி வராது என்று எழுதித் தரச் சொல்வது என்ன நியாயம்? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குப் படிவமின்றிக் கிடைக்கும் வசதி, உள்ளூர்க் கைம்பெண்ணின் எட்டு லட்சத்துக்கு ஏன் கூடாது? நிதிநிலை அறிக்கைக்கு முன் ஒரே ஒரு கோரிக்கை வைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், விலக்கு வரம்பைப் பற்றிப் பேச மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.

எதிர்வாதங்களையும் பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் 6.21 சதவீதம். அப்படியானால், வட்டி 7-இலிருந்து 6.25-க்கு இறங்கியிருந்தாலும் பணவீக்கம் போக மிஞ்சும் உண்மை வட்டி உயர்ந்துதானே இருக்கிறது என்று பொருளியல் மாணவர் எவரும் கேட்பார். கேள்வி சரியானது. நகரத்து ஓய்வூதியருக்கு இந்தப் பதில் பொருந்தும். அவருடைய காய்கறிச் செலவு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. பெரம்பலூரில் கணக்கு வேறு. பணவீக்கத்தை இந்த அளவுக்கு இறக்கியதில் பெரும்பங்கு காய்கறி, பருப்பு போன்ற உணவுப் பொருள்களின் விலை வீழ்ச்சிக்கு உரியது. வெங்காயம் விற்பவரே இங்கு சேமிப்பாளர். நுகர்வோருக்கு விலை இறங்கினால், அவருக்கு வருமானம் இறங்குகிறது. வங்கிக்குப் போனால் வட்டியும் இறங்கியிருக்கிறது. மருத்துவச் செலவு அவ்வாறு இறங்கவில்லை. 2025 தொடக்கத்தில் 57 ஆயிரத்தை ஒட்டி இருந்த ஒரு பவுன் தங்கம் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு லட்சத்தை ஒட்டி நின்றது. மகளின் திருமணத்துக்கென்று வங்கியில் சேர்த்தவருக்குப் பணவீக்கம் என்பது தங்கத்தின் விலைதான். புள்ளியியல் துறையின் குறியீட்டெண் அன்று.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. அஞ்சலகத் திட்டங்களுக்கு 8.2, 7.7 என்று தருவது அரசுக்குச் செலவு. 2025 டிசம்பரில் பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம் 6.5 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தபோது, மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 8.2 தந்தது ஏறத்தாழ 1.7 புள்ளி மானியம். சியாமளா கோபிநாத் குழு 2011-இல் சிறுசேமிப்பு வட்டியைக் கடன் பத்திர வருவாயுடன் இணைத்து, திட்டத்துக்கேற்பச் சிறு கூடுதல் தரலாம் என்று பரிந்துரைத்தது. மூத்த குடிமக்களுக்கு அந்தக் கூடுதல் ஒரு புள்ளி. அந்தச் சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் இன்றைய விகிதங்கள் குறைய வேண்டும். மானியம் என்பதை நான் மறுக்கவில்லை. வரிவிலக்கும் மானியம்தான் என்கிறேன். இரண்டில் எது யாரைச் சேர்கிறது என்பதே கேள்வி. வட்டியாகத் தரும் மானியம், போட்ட ரூபாய் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் செல்கிறது. வரிவிலக்காகத் தரும் மானியம், வட்டியில் நூறு ரூபாய்க்கு வரி கட்டாதவருக்கு எதுவுமில்லை, 20 சதவீதக்காரருக்கு ரூ.20.80, 30 சதவீதக்காரருக்கு ரூ.31.20 என்று மேலே போகப் போகப் பெருகுகிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால், மூத்த குடிமக்கள் திட்டத்தின் முப்பது லட்ச ரூபாய் உச்ச வரம்பில் முதல் பதினைந்து லட்சத்துக்கு மட்டும் இன்றைய விகிதத்தைத் தந்து, மேல் தொகைக்குச் சந்தை விகிதம் தரலாம். அரியலூர்த் தொழிலாளியை அது தொடாது.

வட்டியை எளிதில் குறைத்துவிட முடியாது என்று ஆட்சியாளர்களுக்கும் தெரியும். 2021 மார்ச் 31 அன்று சிறுசேமிப்பு வட்டி விகிதங்கள் கடுமையாகக் குறைக்கப்பட்டன: வைப்பு நிதி 7.1-இலிருந்து 6.4, மூத்த குடிமக்கள் திட்டம் 7.4-இலிருந்து 6.5, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4-இலிருந்து 3.5. மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவால் வெளியான ஆணை என்று கூறி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைத் திரும்பப் பெற்றார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. வரிவிலக்கு ஒன்றை நீக்கி மறுநாளே திரும்பத் தந்ததாக எனக்கு நினைவில்லை. எது தங்களைச் சுடும் என்பது சேமிப்பாளர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. 2026-உம் தேர்தல் ஆண்டுதான்.

குறைந்த வட்டியின் விளைவு வங்கி வாசலுடன் நிற்பதில்லை. எங்கள் பக்கம் யாரும் ஆண்டுச் சதவீதத்தில் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் வங்கி வைப்புத்தொகை அரை வட்டி. சேமிப்புக் கணக்கு கால் வட்டிக்கும் கீழே. அரை வட்டி வாங்கிச் சலித்தவரிடம் மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று ஒருவர் வந்து நிற்கும்போது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்துவிட்டது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகுதான் 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டம் இங்கு வந்தது. சட்டம் வந்தும், 2022-இல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிய நேர்ந்தது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. பாதுகாப்பான இடத்தில் கிடைக்கும் வட்டி வீட்டுச் செலவுக்குப் போதாமற்போவதும் அவர்களை அங்கே தள்ளுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேமிப்புக் கணக்கு வட்டிக்கு ரெப்போ விகிதத்துடன் இணைந்த ஒரு குறைந்தபட்ச வரம்பை ரிசர்வ் வங்கி விதிக்கலாம். கடன்களை வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்று 2019-இல் வங்கிகளுக்கு ஆணையிட்ட அதே ரிசர்வ் வங்கிக்கு இது புதிய சிந்தனை அன்று. வரிவிலக்கை உயர்த்துங்கள் என்று வங்கிகள் கேட்பதைச் சற்று ஐயத்துடனே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தாங்கள் தர வேண்டிய வட்டியின் ஒரு பகுதியை அரசுக் கருவூலம் தரட்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் பொருள்.

அதுவரை, உழவர்கள் அறுவடைப் பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் இன்றும் 4 சதவீதம் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சராசரியாக இரண்டு லட்சம் இருப்பு வைப்பவருக்கு வங்கியைவிட ரூ.3,000 கூடுதல். அடுத்த காலாண்டுக்கான சிறுசேமிப்பு விகிதங்களை அரசு ஒவ்வொரு காலாண்டின் இறுதிவாக்கில் அறிவிக்கும். 2024 தொடக்கத்திலிருந்து 2025 டிசம்பர் வரை மாறாமல் இருந்த விகிதங்கள் இனியும் மாறாமல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கும் நாளின் விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுக்காலப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் இதில் சேரலாம். எனவே, ஓய்வுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதிநிலை அறிக்கையில் என்ன சலுகை வரும் என்று காத்திருப்பவர்கள், அதுவரை காத்திராமல் விரைவில் அஞ்சலகத்துக்குச் சென்று வருவது நல்லது. போகும்போது 15எச் படிவத்தையும் கேட்டு வாங்கி அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.